பூனையின் காதுப் பூச்சி: கண்டுபிடிப்பது முதல் முழுதாக ஒழிப்பது வரை

காதுப் பூச்சிக்கு இன்று நல்ல மருந்துகள் இருக்கின்றன. ஆனாலும் பல வீடுகளில் அது மாதக்கணக்கில் போவதும் வருவதுமாக இருக்கிறது. பூனை வளர்க்கத் தொடங்குகிறவர்களும் தெருப் பூனைகளுக்குச் சோறு வைக்கிறவர்களும் தடுமாறுவதைக் கவனித்ததில் எனக்குப் புரிந்தது இதுதான்: பெரும்பாலும் மருந்து தோற்பதில்லை, வரிசைதான் தவறுகிறது. டாக்டர் பார்க்கும் முன்பே காதைத் துடைத்துவிடுகிறார்கள். சொறிகிற ஒரு பூனைக்கு மட்டும் மருந்து விடுகிறார்கள். அரிப்பு நின்ற நாளில் மருந்தையும் நிறுத்திவிடுகிறார்கள். அதனால் கீழே உள்ளதை அந்த வரிசையிலேயே செய்யுங்கள்.

1. மூன்று வாரக் கணக்கு

இந்தப் பூச்சியின் அறிவியல் பெயர் ஓட்டோடெக்டிஸ் சைனோடிஸ். அரை மில்லிமீட்டர்கூட இருக்காது. வெள்ளையாக, நகரும் புள்ளி போலத் தெரியும். தோலைத் துளைத்து உள்ளே போகாது. காதுக் குழாயின் மேல்தோலில் இருந்துகொண்டு செதிலையும் மெழுகையும் கசியும் நீரையும் தின்னும்.

முட்டை சுமார் 4 நாளில் பொரியும். அது வளர்ந்து அடுத்த முட்டை இடும் நிலைக்கு வர ஏறக்குறைய 3 வாரம் ஆகும். வளர்ந்த பூச்சி 2 மாதம் வரை உயிரோடு இருக்கும்.

காதில் விடும் பெரும்பாலான சொட்டு மருந்துகள் முட்டையைக் கொல்வதில்லை. பத்தாம் நாள் காது சுத்தமாகத் தெரியலாம். ஆனால் முட்டையிலிருந்து வந்தவை இன்னும் அங்கே வளர்ந்துகொண்டிருக்கும். சிகிச்சையை 3 வாரத்துக்குக் குறையாமல் தொடரச் சொல்வது இதனால்தான்.

இன்னொன்றும் நினைவில் இருக்கட்டும். இது உடலோடு உடல் உரசினாலே பரவும். தாயிடமிருந்து குட்டிக்கு, பூனையிடமிருந்து நாய்க்கு, நாயிடமிருந்து திரும்பப் பூனைக்கு. மனிதரிடம் தங்கி வாழ்வதில்லை. அரிதாகச் சிலருக்குக் கையில் சிறு தடிப்பு வந்து தானே மறையும்.

2. முதல் நாள்: பாருங்கள், துடைக்காதீர்கள்

காதில் அழுக்கைக் கண்டதும் கை தானாகப் பஞ்சைத் தேடும். அதை அடக்குங்கள். அந்த அழுக்கில்தான் பூச்சியும் முட்டையும் இருக்கின்றன. அதைத் துடைத்துவிட்டுப் போனால் டாக்டருக்குப் பார்க்க ஒன்றும் மிஞ்சாது. ஊகத்தில் மருந்து எழுத வேண்டியிருக்கும்.

முதலில் தூர இருந்து கவனியுங்கள். அடிக்கடி தலையை உதறுகிறதா? பின்னங்காலால் காதுக்குப் பின்னால் சொறிகிறதா? காதின் பின்பக்கம் முடி உதிர்ந்து, நகம் பட்ட புண் இருக்கிறதா? ஒரு காதைத் தாழ்த்தியே வைத்திருக்கிறதா?

அப்புறம் வெளிச்சத்தில் காது மடலை மெல்லப் பின்னுக்கு மடித்துப் பாருங்கள். டிகாக்‌ஷன் இறங்கிய பிறகு ஃபில்டரில் தங்கும் காபித்தூள் சக்கை போல, கரும்பழுப்பாக, உலர்ந்து பொடியாக அழுக்கு இருந்தால் காதுப் பூச்சி என்று சந்தேகிக்கலாம். பெரும்பாலும் இரண்டு காதிலும் இருக்கும். காதைத் தொட்டதுமே பின்னங்கால் தானாகச் சொறியும் அசைவைக் காட்டினால் சந்தேகம் வலுக்கிறது.

சொறியவில்லை என்பதால் பூச்சி இல்லை என்று முடிவு கட்டாதீர்கள். சில பூனைகளுக்கு நாலைந்து பூச்சியே ஒவ்வாமையைக் கிளப்பித் தூக்கத்தைக் கெடுக்கும். வேறு சில, காது நிறைய வைத்துக்கொண்டு சும்மா படுத்திருக்கும். அந்தச் சும்மா இருக்கும் பூனைதான் வீட்டில் மற்றவற்றுக்குத் திரும்பத் திரும்பப் பரப்பும்.

வீட்டில் செய்யக்கூடிய சோதனை ஒன்று உண்டு. மடலில், கண்ணுக்குத் தெரியும் இடத்தில் இருக்கும் அழுக்கில் துளியை மட்டும் பஞ்சில் எடுத்துக் கறுப்புத் தாளில் தட்டுங்கள். விளக்குக்கு அடியில் வைத்து பூதக்கண்ணாடியில் சில நிமிடம் பாருங்கள். வெள்ளைப் புள்ளி நகர்ந்தால் பூச்சி உறுதி. நகரவில்லை என்றால் எதுவும் உறுதியில்லை.

3. காதுப் பூச்சி போலவே தெரியும் மற்றவை

புதியவர்கள் அதிகம் ஏமாறுவது இங்கேதான். கறுப்பு அழுக்கெல்லாம் பூச்சி அல்ல.

பழுப்பாக, பிசுபிசுப்பாக, புளித்த வாடையோடு இருந்தால் மலசீசியா என்ற ஈஸ்ட் பூஞ்சையாக இருக்கலாம். மஞ்சள் சீழும் துர்நாற்றமும் இருந்தால் பாக்டீரியா. இவை தனியாகவும் வரும், பூச்சி கிளறிவிட்ட காதில் அதன் பின்னாலேயும் வரும். அப்போது பூச்சி மருந்து மட்டும் போதாது.

வயதான பூனையின் காதுக்குள் கருநீலக் கொப்புளங்கள் தெரிந்தால் அவை மெழுகுச் சுரப்பிக் கட்டிகளாக இருக்கலாம். அழுக்கு என்று நினைத்துச் சுரண்டினால் ரத்தம் வரும். வெள்ளைக் காது பூனைகளின் மடல் நுனியில் ஆறாத புண் இருந்தால், வெயிலால் வரும் தோல் புற்றாக இருக்கக்கூடும், தாமதிக்கக் கூடாது.

தெருப் பூனைகளில் முக்கியமாகப் பிரித்துப் பார்க்க வேண்டியது சொறி. காதுக்குள் அல்லாமல் மடலின் வெளி ஓரத்தில் தடித்த சாம்பல் நிறப் பொருக்கு தொடங்கி, நெற்றி, முகம், கழுத்து என்று பரவினால் அது நோட்டோயிட்ரஸ் என்ற வேறு பூச்சி. அது தோலைத் துளைத்து வாழும். தூக்கியவருக்கும் அரிப்பைக் கொடுக்கும். கையுறை இல்லாமல் தொடாதீர்கள்.

4. டாக்டரிடம் என்ன கேட்க வேண்டும்

நாமே மருந்து வாங்கி விட்டுவிடலாமே என்று பலர் கேட்பார்கள். ஒருமுறையாவது காட்டுவது நல்லது. காரணம் பூச்சி அல்ல, செவிப்பறை. அது கிழிந்திருந்தால் காதில் ஊற்றும் திரவம் நடுக்காதுக்குள் இறங்கும். வெளிக்காதுக்குப் பாதுகாப்பான சில மருந்துகள் (ஜென்டமைசின், நியோமைசின் வகை) அங்கே போனால் கேட்கும் திறனும் நடைச் சமநிலையும் போகலாம். செவிப்பறை சரியாக இருக்கிறதா என்பதை வெளியிலிருந்து பார்த்து நாம் சொல்ல முடியாது, காதுக்குள் பார்க்கும் ஓட்டோஸ்கோப் கருவி வேண்டும்.

அழுக்கை எண்ணெய்த் துளியில் கரைத்துக் கண்ணாடித் தகட்டில் வைத்து நுண்ணோக்கியில் பார்க்கச் சொல்லிக் கேளுங்கள். சில நிமிட வேலைதான். பூச்சி, ஈஸ்ட், பாக்டீரியா மூன்றையும் தேடச் சொல்லுங்கள்.

தனியார் கிளினிக் கட்டணம் கட்டுப்படியாகாதவர்கள் அருகில் உள்ள அரசு கால்நடை மருத்துவமனையை அணுகலாம். சென்னை வேப்பேரி, நாமக்கல் போன்ற இடங்களில் கால்நடை மருத்துவக் கல்லூரிகளோடு இணைந்த மருத்துவமனைகளும் உள்ளன.

தலை ஒரு பக்கமாகச் சாய்ந்திருப்பது, நடை தள்ளாடுவது, கருவிழி தானாக ஆடுவது, மடல் பலூன் போல வீங்கி மெத்தென்று இருப்பது: இவற்றில் ஏதாவது இருந்தால் வீட்டுச் சோதனை எதுவும் வேண்டாம், அன்றே கிளம்புங்கள். வீங்கிய மடலுக்குள் இருப்பது தலையை உதறி உதறிச் சேர்ந்த ரத்தம். ஊசியால் குத்தி எடுக்க முயலாதீர்கள்.

5. மருந்துக்கு முன் தயார் செய்ய வேண்டியவை

வீட்டில் இருக்கும் எல்லாப் பூனைகளையும் நாய்களையும் பட்டியல் எழுதுங்கள். மாடிப்படியில் வந்து உரசிவிட்டுப் போகும் பக்கத்து வீட்டுப் பூனையையும் சேர்த்து. அறிகுறி இருந்தாலும் இல்லாவிட்டாலும் எல்லாவற்றுக்கும் ஒரே நாளில் சிகிச்சை தொடங்க வேண்டும். ஒன்றை விட்டால், மற்றதெல்லாம் வீண் செலவு. நாய்க்கு நாய் மருந்து, பூனைக்குப் பூனை மருந்து.

ஒவ்வொன்றின் எடையையும் எடுங்கள். பூனையைத் தூக்கிக்கொண்டு எடை மேடையில் நின்று, பிறகு நீங்கள் மட்டும் நின்று கழித்தால் போதும். குட்டியைச் சமையலறைத் தராசில் ஒரு டப்பாவில் வைத்து நிறுக்கலாம். கண்ணால் மதிப்பிடுவது குட்டிகளில் பெரிய தவறாகும். அரைக் கிலோ வித்தியாசம் அங்கே இரட்டிப்பு அளவு.

பிறகு பெரிய துண்டு, பஞ்சு அல்லது காஸ் துணி, பூனைக்கான காது சுத்தத் திரவம், கையுறை, நகவெட்டி, பிடிக்க ஒரு ஆள். நகத்தின் நுனியை முதல் நாளே வெட்டிவிடுங்கள். உங்கள் கைக்காக மட்டுமல்ல, அது சொறிந்து தன் காதைக் கிழிக்காமல் இருக்கவும்தான்.

6. காதைச் சுத்தம் செய்வது

டாக்டர் செவிப்பறை சரி என்று சொன்ன பிறகே இந்தப் படி. சுத்தம் செய்யாமல் காதில் சொட்டு விட்டால் மருந்து அழுக்கின் மேலேயே தங்கிவிடும். அடியில் இருக்கும் பூச்சியைத் தொடாது.

பூனையின் காதுக் குழாய் நேராகக் கீழே இறங்கி, அப்புறம் உள்நோக்கித் திரும்புகிறது. இந்த வளைவு தெரிந்தால் காது குடையும் பட்ஸ் ஏன் கூடாது என்பது விளங்கும்: அது அழுக்கை வளைவுக்குள் தள்ளி இறுக்கிவிடும்.

திரவப் புட்டியை உள்ளங்கையில் வைத்து உடல் சூட்டுக்குக் கொண்டு வாருங்கள். சில்லென்று விட்டால் தலை சுற்றிப் பூனை மிரளும், அடுத்த முறை பிடிகொடுக்காது. துண்டில் சுற்றி, தலை மட்டும் வெளியே தெரிய மடியில் வையுங்கள். மடலை மேல்நோக்கிப் பிடித்து, புட்டியின் மூக்கு உள்ளே அடைக்காமல் திரவத்தை விடுங்கள். காதின் அடிப்பகுதியை அரை நிமிடம் பிசையுங்கள். சளக் சளக் என்று சத்தம் கேட்க வேண்டும். பிறகு விட்டுவிட்டுப் பின்வாங்குங்கள். அது உதறும்போது அழுக்கு தானாக மேலே வரும். கண்ணுக்குத் தெரிவதை மட்டும் பஞ்சால் ஒற்றி எடுங்கள். இரண்டாவது காதுக்குப் புதுப் பஞ்சு.

முழுதும் ஒரே நாளில் வராது. வர வேண்டியதும் இல்லை. வலியில் கத்தினால் நிறுத்துங்கள், மறுநாள் தொடரலாம்.

7. மருந்து: இரண்டு வழிகள்

முதல் வழி, காதில் விடும் சொட்டு. டாக்டர் சொன்ன துளிகளை, சொன்ன நாள் வரை. இதில் இரண்டு சிக்கல். தினமும் பிடிக்க வேண்டும். மூன்றாம் நாளே பூனை கட்டிலுக்கு அடியில் போய்விடும். அதோடு, பூச்சி காதில் மட்டும் இருப்பதில்லை. சுருண்டு படுக்கும்போது வால் காதருகே வருவதால் வால் நுனி, இடுப்பு, கழுத்து என்று இடம் மாறியிருக்கும். காதுச் சொட்டு அவற்றைத் தொடாது.

இரண்டாவது வழி, பிடரியில் விடும் ஸ்பாட்-ஆன். தோல் வழியாக உடலில் சேர்ந்து பூச்சியை அடையும். செலமெக்டின், இமிடாக்ளோப்ரிட்டும் மாக்ஸிடெக்டினும் சேர்ந்தது, ஃப்ளூரலனர் ஆகிய மூன்று வகைகளும் இதற்குப் பயன்படுகின்றன. என் முதல் தேர்வு இதுதான். எந்த வேளையும் தவறாது, பூனையோடு உள்ள உறவும் கெடாது.

விடும் முறை: தலை முடிந்து கழுத்து தொடங்கும் இடத்தில் முடியை விலக்கித் தோலைப் பார்த்து, தோலின் மேல் விடுங்கள். முடியில் விட்டால் வீண். இரண்டு தோள்களுக்கும் நடுவே தாழ்வாக விட்டால் சில பூனைகளுக்கு நாக்கு எட்டிவிடும். நக்கினால் எச்சில் ஒழுகும். ஒன்றையொன்று நக்கிக்கொள்ளும் பூனைகளைக் காயும் வரை தனித்தனி அறையில் விடுங்கள். இரண்டு நாளாவது குளிப்பாட்ட வேண்டாம்.

பெட்டியில் உள்ள வயதையும் எடையையும் படியுங்கள். இமிடாக்ளோப்ரிட்–மாக்ஸிடெக்டின் 9 வாரத்துக்குக் குறைந்த குட்டிகளுக்கு இல்லை. அதைவிடச் சிறிய குட்டி என்றால் தாய்க்கு என்ன தரலாம், குட்டிக்கு எண்ணெய்ச் சொட்டும் துடைப்பும் போதுமா என்று டாக்டரிடம் கேளுங்கள்.

ஐவர்மெக்டின் ஊசியும் பரவலாகப் போடப்படுகிறது. கடைகளில் கிடைக்கும் புட்டி மாட்டுக்கானது, செறிவு மிக அதிகம். பூனைக்குச் சரியான அளவுக்கும் ஆபத்தான அளவுக்கும் ஒரு துளிதான் வித்தியாசம். குட்டிகளுக்கு நரம்பு பாதிப்பும் மரணமும் நேரலாம். இதை டாக்டர் கையால் மட்டும் போடுங்கள்.

8. ஊற்றவே கூடாதவை

பெர்மெத்ரின். இதை முதலில் சொல்லக் காரணம், இதனால்தான் பூனைகள் செத்துப்போகின்றன. நாய் உண்ணிக்கான பல ஸ்பாட்-ஆன், பவுடர், ஸ்ப்ரேகளில் இது உண்டு. பெயர் குழப்பமும் உண்டு: இமிடாக்ளோப்ரிட்டோடு மாக்ஸிடெக்டின் சேர்ந்தது பூனைக்கு உண்டு, இமிடாக்ளோப்ரிட்டோடு பெர்மெத்ரின் சேர்ந்தது நாய்க்கு மட்டும். அட்டையில் இரண்டாவது பெயரையும் படிக்காமல் கடையை விட்டு வெளியே வராதீர்கள். பூனைக்கான மாக்ஸிடெக்டின் கலவையும் நாய்க்கானதும்கூட ஒன்றல்ல. நாய்க்கானதில் மாக்ஸிடெக்டின் 2.5 சதவீதம், பூனைக்கானதில் 1 சதவீதம். பெரிய நாய்க் குப்பியை வாங்கிப் பல பூனைக்குப் பிரிக்கும் வழக்கத்தை விட்டுவிடுங்கள்.

தெரியாமல் பட்டுவிட்டால் சில மணி நேரத்தில் நடுக்கமும் வலிப்பும் வரும். வெதுவெதுப்பான நீரிலும் பாத்திரம் கழுவும் சோப்பிலும் அந்த இடத்தைக் கழுவி, உடனே மருத்துவமனைக்கு ஓடுங்கள்.

அமிட்ராஸ் கலந்த நாய் உண்ணி மருந்தும் வேண்டாம். டெட்டால், ஃபினைல் வகைகளைப் பூனையின் கல்லீரல் தாங்காது. சாவ்லானில் உள்ள குளோர்ஹெக்சிடின் உட்காதுக்கு ஆபத்து. டீ ட்ரீ எண்ணெய், கற்பூரம் போட்ட எண்ணெய், மண்ணெண்ணெய் எல்லாம் விஷம். பூண்டும் வெங்காயமும் ரத்தச் சிவப்பணுக்களை உடைக்கும். மஞ்சள் விழுது காதுக்குள் காய்ந்து அடைத்துக்கொள்ளும்.

தேங்காய் எண்ணெய் விஷமில்லை. அழுக்கை ஊற வைக்கும், கொஞ்சம் பூச்சியைத் திணறடிக்கும். அதை மட்டும் நம்பி இருந்தால் வாலிலும் கழுத்திலும் இருப்பவை திரும்பி வரும். வேப்பெண்ணெயைப் பாட்டி காலத்து வைத்தியம் என்று விடுகிறார்கள். பூனை தன்னைத் தானே நக்கும் பிராணி. வயிற்றுக்குள் போய் வாந்தி, எச்சில், நடுக்கம் வரலாம். விடாதீர்கள்.

9. படுக்கை

மருந்து விட்ட அதே நாளில் துணிகளைச் சுடுநீரில் துவைத்து உச்சி வெயிலில் காயப்போடுங்கள். சோபாவையும் பாயையும் நன்றாகத் தட்டிப் பெருக்குங்கள். பூனையை விட்டு வெளியே இந்தப் பூச்சி நாள் கணக்கில்தான் தாங்கும், ஆகவே வீடு முழுக்கப் பூச்சிக்கொல்லி அடிக்கத் தேவையில்லை. அடித்தால் பூனைக்குத்தான் கேடு.

10. தெருப் பூனைகளுக்கு

இங்கே வரிசை மாறுகிறது. முதல் வேலை மருந்து அல்ல, சோற்று நேரம். ஒரே இடம், ஒரே வேளை, ஒரே ஆள். சில நாளில் எவை வருகின்றன, எது எதோடு உரசிப் படுக்கிறது என்பது தெரிந்துவிடும். ஒவ்வொன்றையும் போனில் படம் எடுத்து வையுங்கள். தலையை உதறும்போது வீடியோ எடுத்தால் டாக்டருக்குக் காட்டலாம். நிறத்தை மட்டும் எழுதி வைத்தால், இரண்டு சாம்பல் வரிப் பூனைகளில் எதற்கு மருந்து விட்டோம் என்று பிறகு குழம்பும்.

தொட விடும் பூனைக்கு, அது குனிந்து தின்னும்போது பிடரியில் ஸ்பாட்-ஆன் விடலாம். முதல் நாளே முயலாதீர்கள். வெறும் விரலால் அந்த இடத்தைத் தொட்டுப் பழக்கி, அது அசையாமல் தின்னத் தொடங்கிய பிறகு மருந்து. காதுக்குள் சொட்டு விடுவதைத் தெருவில் யோசிக்கவே வேண்டாம். ஃப்ளூரலனர் வகையின் வீச்சு உண்ணிக்கும் தெள்ளுக்கும் 12 வாரம் வரை நீடிப்பதால், மறுபடி கையில் சிக்குமா என்று தெரியாத பூனைக்கு அது நல்ல தேர்வு.

தொட விடாத பூனையைத் துரத்திப் பிடிக்காதீர்கள். கருத்தடைக்குக் கூண்டில் பிடிக்கும் நாள் வரும். முன்கூட்டியே டாக்டரிடம் சொல்லி வைத்தால், மயக்கத்தில் இருக்கும்போதே காதைப் பார்த்து, சுத்தம் செய்து, மருந்தும் போட்டுவிடலாம். ஒரே மயக்கத்தில் இரண்டு வேலையும் முடியும். இதைக் கேட்க மறந்துவிட்டு மறுபடி கூண்டு வைக்கிறவர்கள் நிறையப் பேர்.

மருந்தைச் சோற்றில் கலந்து வைக்காதீர்கள். எது எவ்வளவு தின்றது என்று தெரியாது. பலமான ஆண் பூனை நான்கு பங்கைத் தின்னும், குட்டி அளவு மீறித் தின்னும், நோயுள்ளது பட்டினி கிடக்கும்.

எல்லாவற்றுக்கும் ஒரே நாளில் முடியாது என்பது உண்மைதான். ஒரு வாரத்துக்குள் எத்தனைக்கு முடியுமோ அத்தனைக்குச் செய்யுங்கள். தாயும் குட்டிகளும் முதலில். வெளியிலிருந்து புதுப் பூனைகள் வந்துகொண்டேதான் இருக்கும், அதனால் பூச்சி முற்றாக ஒழிந்துவிடாது. ஆனால் சொறிந்து புண்ணாகி, செவிப்பறை கிழிந்து, தலை சாய்ந்து திரியும் நிலைக்கு ஒரு பூனையும் போகாமல் தடுக்க முடியும். அது சின்னக் காரியம் இல்லை.

கடி, கீறல் பட்டால் ஓடும் தண்ணீரில் சோப்பு போட்டு 15 நிமிடம் கழுவி, அன்றே அரசு மருத்துவமனைக்குப் போய் ரேபிஸ் தடுப்பூசி கேளுங்கள். பூனைப் பல் ஊசி போல ஆழமாக இறங்கும். வெளியே சின்னப் புள்ளியாகத் தெரிந்தாலும் உள்ளே சீழ் பிடிக்கும்.

11. மறுபடி பார்ப்பது

அரிப்பு ஒரு வாரத்துக்குள் குறையத் தொடங்க வேண்டும். பழைய அழுக்கு அதற்குப் பிறகும் சில வாரம் மேலே வந்துகொண்டிருக்கும். அதைப் பார்த்துப் பயந்து இரண்டாம் குப்பியை முன்கூட்டியே விடாதீர்கள். வாரம் ஒருமுறை துடைத்தால் போதும்.

30ஆம் நாள் வாக்கில் காது அழுக்கை மறுபடி நுண்ணோக்கியில் பார்க்கச் சொல்லுங்கள். பூச்சி தெரிந்தால் இரண்டாம் முறை மருந்து. அதோடு உங்கள் பட்டியலில் விடுபட்ட பூனை எது என்று தேடுங்கள். பூச்சி இல்லை, ஆனாலும் சொறிகிறது என்றால், பூச்சி மருந்தை மாற்றி மாற்றிப் போடுவதில் பயனில்லை. ஈஸ்ட், பாக்டீரியா, காதுக்குள் சதை வளர்ச்சி, உணவு ஒவ்வாமை என்று தேட வேண்டும். ஒரு காதில் மட்டும் தொல்லை நீடித்தால் சதை வளர்ச்சியை முதலில் சந்தேகியுங்கள்.

புதிதாக ஒரு பூனையோ குட்டியோ வீட்டுக்கு வந்தால், மற்றவற்றோடு விடும் முன் தனி அறையில் வைத்துக் காதைப் பாருங்கள். வெளியே போய் வரும் பூனைக்கு ஸ்பாட்-ஆனை மாதந்தோறும் தொடரலாமா என்பதை அந்த மறுபரிசோதனை நாளிலேயே டாக்டரிடம் கேட்டு, அடுத்த தேதியைக் காலண்டரில் குறித்துவிடுங்கள்.